இயந்திரத்தின் பள்ளியெழுச்சி – 7: ரோமில் எழுதிய திரும்பு முகவரி

மின்சாரம் பாய்ந்ததும் செயலி எந்த முகவரியிலிருந்து தன் முதற் கட்டளையை எடுக்கிறது என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். தவறவிட்டவர்கள் அந்த இதழைத் தேடிப் படித்துக்கொள்ள வேண்டும், மறுபடியும் சொல்ல இங்கே இடமில்லை. நினைவகப் பலகையில் பதிந்திருக்கும் சிறு சில்லொன்று தன் பலகையின் லக்ஷணங்களை எல்லாம், கணினியை எழுப்பும் ஆதி நிரலாகிய பயாஸுக்கு எவ்விதம் தெரிவிக்கிறது என்பதை இந்த வாரம் விவரிப்பதாக வாக்களித்திருந்தேன். ஆனால் அதற்கு முன்னோடியாக எதைச் சொல்லலாம் என்று 1981-ஆம் வருஷத்து ஐ.பி.எம். பீ.ஸி.யின் பயாஸ் நிரலைப் பிரித்தவன், அதன் ஆரம்பப் பகுதியில் இருக்கும் இரண்டே இரண்டு சொற்களிடம் சிக்கிக்கொண்டேன். இதழ் அச்சேறும் நாள் நெருங்கிவிட்டது. மனமோ அவற்றை விட்டு நகர மறுக்கிறது. ஆகையால் இந்த வாரக் கட்டுரை அவற்றைப் பற்றியதே.

நிரல் எழுதுவோருக்கு மிகவும் பழகிப்போன காரியம் ஒன்று உண்டு. ஒரே வேலையைப் பல இடங்களில் செய்ய நேர்ந்தால், அந்த வேலைக்கென ஒரு துணைநிரலைத் தனியே எழுதி வைத்து, வேண்டும்போதெல்லாம் அதை அழைப்பார்கள். அழைக்கப்படும் தருணத்தில், வேலை முடிந்த பின் எங்கே திரும்ப வேண்டும் என்னும் முகவரியை, எழுதவும் படிக்கவும் கூடிய நினைவகமாகிய ராமில் ஸ்டாக் என்று ஒதுக்கப்பட்ட பகுதியில் செயலி எழுதி வைத்துவிட்டுப் போகும். துணைநிரலின் கடைசிக் கட்டளை அந்த முகவரியைப் படித்து, விட்ட இடத்திலேயே அதைக் கொண்டு சேர்க்கும். இன்று உலகத்தில் ஓடும் நிரல்கள் ஏறக்குறைய அனைத்தும் இந்த ஒரு சௌகரியத்தை நம்பியே எழுதப்படுகின்றன. ஆனால் இயந்திரத்தை இயக்கிய முதற் கணங்களில் அந்த ராம் பயன்படும் நிலையில் இல்லை. சில்லுகள் இருக்கின்றன, அவற்றுக்கு மின்சாரமும் வருகிறது. எழுதியது மட்டும் தங்காது. எழுதி வைக்க ஓரிடமும் இல்லாத செயலி, திரும்பும் முகவரியை எங்கே எழுதும்?

எழுதியது ஏன் தங்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐ.பி.எம். நிறுவனத்தின் வாட்ஸன் ஆராய்ச்சி மையத்தில் பணிபுரிந்த ராபர்ட் டென்னார்ட் என்னும் பொறியாளர், ஒரு பிட்டைச் சேமிப்பதற்குப் பல டிரான்ஸிஸ்டர்கள் தேவையில்லை, ஒரே ஒரு டிரான்ஸிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் போதும் என்னும் எண்ணத்தை 1966-இல் அடைந்தார். 1968-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். நினைவகம் மலிவான பொருளாக மாறியதற்கு அந்தக் கண்டுபிடிப்பே மூலகாரணம். அதற்கு நாம் கொடுத்த விலை என்னவென்றால், மின்தேக்கியில் இட்ட மின்னூட்டம் சிறிது நேரத்தில் கசிந்து மறைந்துவிடும். மறைவதற்குள் அதைப் படித்துப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். பீ.ஸி.யில் முதன்முதலில் பொருத்தப்பட்ட 16 கிலோபிட் சில்லுகளில் இப்படிப் புதுப்பிக்க வேண்டிய வரிசைகள் 128. அத்தனையையும் 2 மில்லி விநாடிக்குள் ஒரு சுற்று முடித்தாக வேண்டும்.

இந்த ஓயாத வேலைக்கென்று அந்தக் கணினியில் தனி உபகரணம் கிடையாது. ஐ.பி.எம். பொறியாளர்கள் வேறு காரியங்களுக்காகப் பலகையில் ஏற்கெனவே இருந்த இரண்டு சில்லுகளைக் கூட்டுச் சேர்த்தார்கள். 8253 என்னும் நேரங்காட்டிச் சில்லின் ஒரு பகுதியை, விநாடிக்குச் சுமார் 11 லட்சத்து 93 ஆயிரம் முறை துடிக்கும் கடிகாரத்தை 18-ஆல் வகுக்குமாறு பணித்தார்கள். அப்படி வகுத்ததில் ஏறத்தாழ 15 மைக்ரோ விநாடிக்கு ஒரு முறை கிளம்பும் சைகை, 8237 என்னும் டி.எம்.ஏ. சில்லைத் தூண்ட, அது நினைவகத்தில் ஒரு வரிசையைச் சும்மா படித்துவிட்டு விலகும். படித்த தரவு யாருக்கும் வேண்டியதில்லை, படித்தலே புதுப்பித்தல். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 128 வரிசைகளையும் சுற்றி வர 1.93 மில்லி விநாடி ஆகிறது, விதித்த எல்லையாகிய 2-க்கு மயிரிழை உள்ளே! ஆனால் இந்த இரண்டு சில்லுகளும் மின்சாரம் வந்தவுடன் தாமாகவே இவ்வேலையைத் தொடங்கிவிடுவதில்லை. அவற்றுக்குக் கட்டளையிட வேண்டியது பயாஸ். அந்தப் பயாஸ் ஓட வேண்டியதோ ராமின் துணை சிறிதும் இல்லாமல்.

அந்தச் செயலியாகிய 8088-இன் கையில் அப்போது இருப்பவை அதற்குள்ளேயே அமைந்த 14 பதிவகங்கள் மாத்திரம். ஒவ்வொன்றும் இரண்டு பைட், ஆக மொத்தம் 28 பைட். சென்ற வாரம் சொன்னபடி, முகவரிகளின் உச்சியிலிருந்து 16 பைட் கீழே அது தொடங்குகிறது. அந்தப் பதினாறில் முதல் ஐந்து பைட் வேறிடத்துக்குத் தாவச் சொல்லும் கட்டளை. அடுத்த எட்டு பைட்டில் பயாஸ் எழுதி முடிந்த தேதி பொறிக்கப்பட்டிருக்கிறது. முதற் பதிப்பில் அது 1981 ஏப்ரல் 24. தாவிய இடத்தில் பயாஸ் முதலில் குறுக்கீடுகளைத் தடை செய்கிறது. பிறகு செயலி தன் பதிவகங்களையும் கொடிகளையும் தானே பரீட்சித்துக்கொள்கிறது. பழுது தென்பட்டால் அங்கேயே நின்றுவிடும். தேறினால், பயாஸ் இருக்கும் 8 கிலோபைட் ரோம், அதாவது படிக்க மட்டுமே இயலும் நினைவகம், சிதையாமல் இருக்கிறதா என்று அறிய அதன் பைட்டுகளை எல்லாம் கூட்டிப் பார்க்க வேண்டும்; கூட்டுத்தொகையின் கடைசி பைட் பூஜ்யமாக வர வேண்டும்.

இங்கேதான் சங்கடம் எழுகிறது. கூட்டிப் பார்க்கும் இந்த வேலை பிற்பாடு பேஸிக் மொழி அடங்கிய மற்ற ரோம்களுக்கும் வேண்டியிருக்கிறது. அதைப் போலவே, முதல் 16 கிலோபைட் ராமைச் சோதிக்கும் வேலை மீதி ராமைச் சோதிக்கவும் வேண்டியிருக்கிறது. 8 கிலோபைட்டுக்குள் சகலத்தையும் அடக்க வேண்டியவர்கள் ஒரே வேலையை இரண்டு முறை எழுத மனம் ஒப்புவார்களா? துணைநிரலாக எழுதினால்தான் உண்டு. துணைநிரலை அழைக்கவோ ஸ்டாக் இல்லை.

அவர்கள் செய்த யுக்தியைக் கேளுங்கள். அழைப்புக் கட்டளை ஸ்டாக்கில் எழுதும். திரும்புதற் கட்டளையோ அதிலிருந்து படிக்க மட்டுமே செய்யும். எழுதுவதற்குத்தான் ராம் தேவை; படிப்பதற்கு ரோமே போதும். ஆகவே அவர்கள் அழைப்புக் கட்டளையைக் கைவிட்டார்கள். ஸ்டாக் இருக்குமிடத்தைக் காட்டும் பதிவகங்களை ரோமையே சுட்டும்படி திருப்பிவிட்டு, அங்கே திரும்பு முகவரியை முன்கூட்டியே பொறித்து வைத்து, துணைநிரலுக்கு வெறுமனே தாவினார்கள். துணைநிரல் தன் வேலையை முடித்துக்கொண்டு, வழக்கம்போலத் திரும்புதற் கட்டளையை நிறைவேற்றுகிறது. அது ஸ்டாக் என்று நம்பிப் படிப்பது ரோமில் உள்ள அந்த முகவரியை. சரியான இடத்துக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. ஊருக்குத் திரும்பும் வழியைப் பயணி குறித்துக்கொள்ள ஓலையும் எழுத்தாணியும் இல்லாத காலத்தில், அவன் புறப்படுவதற்கு முன்பே அதைச் சாலையோரக் கல்லில் வெட்டி வைத்தது போன்ற ஏற்பாடு இது. ரோமைக் கூட்டிப் பார்க்கும் துணைநிரலுக்கு ஒன்று, ராமைச் சோதிக்கும் துணைநிரலுக்கு ஒன்று என்று அப்படி வெட்டிய முகவரிகள் இரண்டு. என்னைக் கட்டிப்போட்ட இரண்டு சொற்கள் இவைதாம்.

இதில் நான் வியப்பது சாமர்த்தியத்தை மட்டுமன்று. அந்தத் துணைநிரலில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை என்பதுதான் இதன் உயர்வு. ராம் பிறப்பதற்கு முன் தாவி வந்தவர்களுக்கும், ராம் பிறந்த பின் முறையாக அழைத்து வந்தவர்களுக்கும் அது ஒரே விதமாக ஊழியம் செய்கிறது. தான் எந்தக் காலத்தில் ஓடுகிறோம் என்பதை அது அறிய வேண்டிய அவசியமே இல்லை. எல்லையும் உண்டு. அந்தத் துணைநிரல் தனக்குள்ளிருந்து இன்னொன்றை அழைக்க முடியாது. அழைத்தால் எழுத நேரும், ரோமில் எழுதியது எங்கும் பதியாது. ஒரே ஒரு படி ஆழம்தான் இந்த யுக்தியின் தூரம். அதை அறிந்து, அந்த ஒரு படிக்குள் அவர்கள் அடங்கி நின்றார்கள்.

ராம் சோதனையும் பார்க்கத் தக்கது. ஒன்றும் பூஜ்யமும் மாறி மாறி வருவது, அதன் நேர்மாறு, எல்லாம் ஒன்று, கடைசி பிட் மட்டும் ஒன்று, எல்லாம் பூஜ்யம் என்று ஐந்து வடிவங்களை எழுதி எழுதிப் படித்து ஒப்பிடுகிறது. இது தேறிய பிறகே 256 பைட் கொண்ட உண்மையான ஸ்டாக் ராமில் நிறுவப்படுகிறது. அதுமுதல் நிரல்கள் ஒன்றையொன்று தாராளமாக அழைத்துக்கொள்ளலாம்.

சோதனைக்குச் சற்று முன் பயாஸ் செய்யும் ஒரு காரியத்தையும் சொல்லாமல் போக மனமில்லை. இன்னும் நம்பத் தகாத அந்த ராமின் ஓரிடத்தை அது எட்டிப் படிக்கிறது. அங்கே பதினாறடிமான எண்ணில் 1234 என்று இருந்தால், கணினி புதிதாக இயக்கப்படவில்லை, கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் ஆகிய மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தியதால் மறுபடி தொடங்குகிறது என்று கொண்டு, நீண்ட சோதனையைத் தவிர்த்துவிடுகிறது. புதிதாக இயக்கிய ராமில் கண்டபடி ஏதேதோ இருக்கலாம்; ஆனால் அந்த இரண்டு பைட்டில் இருக்கக்கூடிய எண்கள் 65,536. அவற்றுள் இந்த ஒன்று தற்செயலாக அமைவது அரிதிலும் அரிது. அம்மூன்று விசைகளின் சேர்க்கையை வகுத்தவர் டேவிட் பிராட்லி. ஃபுளோரிடா மாகாணத்தின் போகா ரட்டோன் நகரில் பீ.ஸி.யை உருவாக்கிய ஆதிக் குழுவில் ஒருவர், பயாஸ் நிரலில் பெரும் பங்கு கொண்டவர்.

இந்த நிரலை நாம் இன்று வரி வரியாகப் படிக்க முடிவதற்குக் காரணம், ஐ.பி.எம். நிறுவனமே அதைத் தன் தொழில்நுட்பக் கையேட்டில் விளக்கக் குறிப்புகளோடு முழுமையாக அச்சிட்டு விற்றதுதான். அச்சிட்டதால் அதன் உரிமை கைவிட்டுப் போய்விடவில்லை. கையேட்டைப் பார்த்து எவரேனும் எழுதினால் அது நகலெடுத்த குற்றமாகும். 1982-இல் ஹூஸ்டனில் தொடங்கிய காம்பேக் நிறுவனம், பீ.ஸி.க்கு எழுதிய மென்பொருள்களை அப்படியே ஓட்டும் கணினியைச் செய்ய விரும்பியபோது, பொறியாளர்களை இரு பிரிவாக்கிற்று. ஒரு பிரிவினர் ஐ.பி.எம். நிரலை ஆராய்ந்து, அது என்ன செய்கிறது என்பதை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். அந்த நிரலைக் கண்ணாலும் பாராத மற்றொரு பிரிவினர், அக்குறிப்பை மாத்திரம் வைத்துக்கொண்டு புதிய பயாஸை எழுதினார்கள். அந்த ஆண்டு நவம்பரிலேயே அவர்களது கணினி அறிவிக்கப்பட்டது. எத்தனையோ நிறுவனங்கள் பீ.ஸி.க்கு ஒப்பான கணினிகளைச் செய்யும் காலம் அதிலிருந்தே ஆரம்பமாயிற்று.

இவை எல்லாம் பழங்கதை, இன்றைய கணினிக்கு இவற்றால் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பிரச்னை இன்றும் அதுவேதான். அளவில் மட்டும் பெருத்துவிட்டது. அன்று இரண்டு சில்லுகளுக்குச் சில கட்டளைகள் இட்டால் ராம் எழுந்துவிடும். இன்று ராமை எழுப்பும் நிரல் பல ஆயிரம் வரிகள் கொண்டது. அத்தனையையும் ஸி மொழியில் எழுதத்தான் எவரும் விரும்புவர். ஸி மொழிக்கோ ஸ்டாக் இன்றியமையாதது. 1999-இல் லாஸ் ஆலமாஸ் தேசிய ஆய்வுக்கூடத்தில் ரான் மின்னிக் தொடங்கிய லினக்ஸ்பயாஸ், 2008 முதல் கோர்பூட் என்னும் பெயரால் வழங்குகிறது. அதில் உழைத்த எரிக் பீடர்மன், ராம் இல்லாமலே ஓடக்கூடிய நிரலை ஸி மொழியிலிருந்து உண்டாக்கும் ரோம்ஸிஸி என்னும் கம்பைலரை எழுதினார். மாறிகள் யாவற்றையும் அது பதிவகங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். அரிய சாதனைதான், ஆயினும் பதிவகங்கள் சொற்பம், ஆகவே அதைக் கொண்டு செய்யக்கூடியதும் சொற்பமாகவே இருந்தது.

பின்னர் நிலைபெற்ற வழி, செயலிக்குள்ளேயே இருக்கும் கேச் நினைவகத்தைச் சிறிது நேரம் ராமாகப் பாவிப்பது. கேச் வேறு ஜாதி நினைவகம். புதுப்பித்தல் அதற்கு வேண்டியதில்லை, ஆகவே மின்சாரம் வந்தவுடனே பயன்படும். ஒரு முகவரிப் பரப்பை ராம் என்று சொல்லி, அதில் எழுதுவதைக் கேச்சிலேயே வைத்துக்கொள், வெளியே அனுப்பாதே என்று செயலியைப் பணித்துவிட்டால், எதிரே ராம் இல்லை என்பதை அறியாமலே அது எழுதும், படிக்கும், துணைநிரல்களைப் பல படி ஆழத்துக்கும் அழைக்கும். ஸ்டாக் என்று செயலி நம்பும் இடத்தை, கையில் ஏற்கெனவே இருக்கும் வேறொரு பொருளின் மீது திருப்பிவிடுவது. 1981-இல் அந்தப் பொருள் ரோம், இன்று அது கேச். தத்துவம் ஒன்றே என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

வாக்களித்த சிறு சில்லுக்கு இடமில்லாமல் போயிற்று. அடுத்த வாரம் அதிலிருந்தே ஆரம்பிப்பேன். அது ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கை மட்டும் இப்போது சொல்லி வைக்கிறேன். இன்று சாதாரணமாகக் கிடைக்கும் டி.டி.ஆர்.4-3200 ரகப் பலகையில், ஒரு கம்பியில் ஒரு பிட் தங்கும் காலம் 312.5 பிக்கோ விநாடி. அதற்குள் ஒளி வெற்றிடத்திலேயே 9 சென்டிமீட்டரும் சற்றும்தான் செல்லும். கம்பிகளின் நீளத்தில் உள்ள சிறு வித்தியாசமும் அங்கே பெரிய பிழையாகிவிடும். ஒவ்வொரு கம்பிக்கும் உரிய தாமதத்தை, கணினி தானே சோதித்துச் சோதித்துக் கற்றுக்கொள்கிறது. அதைத் தொடங்குவதற்கு முன் பலகையின் லக்ஷணங்கள் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும்; அவற்றைச் சொல்வதே அந்தச் சிறு சில்லின் வேலை.

அதற்குள் வாசகர்களிடம், விசேஷமாக நிரல் எழுதக் கற்கும் இளைஞர்களிடம், ஒரு வேண்டுகோள். ஐ.பி.எம். கையேட்டில் உள்ள அந்த நிரலின் முதல் சில பக்கங்களையாவது பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்து, பதிவகம் பதிவகமாகத் தொடர்ந்து படித்துப் பாருங்கள். ராமை நம்பாமல் ஒரு வரி எழுதுவது எவ்வளவு பெரிய கல்வி என்பது அப்போது தெரியும்.