பிழை சொல்லும் செய்தி



ஒரு தொடக்கப் பள்ளியின் வகுப்பறைக்குள் காலை முதல் மணியில் நுழைந்து பாருங்கள். ஒரு மூலையில் சிலர் ஈர்க்குச்சிகளை எண்ணிப் பத்துப் பத்தாகக் கட்டிக்கொண்டிருப்பர். சுவரின் கீழ்ப்பகுதியில், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் தீட்டிய கரும்பலகையில், ஒரு சிறுமி தன் பெயரை எழுதி அழகு பார்ப்பாள். வேறு சிலர் புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்கி வாய்ப்பாடு சொல்வர். இத்தனை செயல்களுக்கும் நடுவே, எல்லா வகுப்பிலும் எல்லா நாளும் தவறாமல் நிகழ்வது ஒன்று உண்டு, அதுதான் தவறு. ஆம், குழந்தைகள் செய்யும் பிழைகளைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

பிழை என்றவுடன் நமக்குச் சிவப்பு மையும் பெருக்கற் குறியும் நினைவுக்கு வருகின்றன. பிழை என்பது அறிவின்மை, அதனை அழித்துச் சரியான விடையை எழுதச் செய்தால் போதும் என்று பலரும் எண்ணுகின்றனர். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணினேன். அதனால் நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்கு முன், பயிற்சி முடித்து ஒரு சிற்றூர்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியனாகச் சேர்ந்திருந்தேன். ஒருநாள், 'நூற்று ஐந்து' என்று சொல்லி எழுதச் சொன்னேன். ஒரு சிறுவன் தன் பலகையில் 1005 என்று எழுதிக் காட்டினான். அடித்துத் திருத்தினேன். மறுநாளும் அவன் அவ்வாறே எழுதினான். அளவுகோலால் விரல் முட்டியில் ஓர் அடி வைத்தேன். அடுத்த வாரத்திலிருந்து அவன் விடைகள் யாவும் சரியாகவே இருந்தன. என் கண்டிப்புப் பலன் தந்தது என்று மகிழ்ந்தேன். பிறகு ஒருநாள் அவனைத் தனியே அழைத்து ஓர் எண்ணை எழுதச் சொன்னபோது உண்மை தெரிந்தது. பலகை வெறுமையாகவே இருந்தது. அத்தனை நாளும் அடுத்தவன் பலகையைப் பார்த்து எழுதியிருக்கிறான்! நான் அவனுக்கு எண்ணைக் கற்பிக்கவில்லை. தன் பிழையை மறைக்கக் கற்பித்திருக்கிறேன்.

அந்நாளில் நான் குடியிருந்த வீட்டுப் பெரியவரிடம் பழைய கணக்கேடு ஒன்று இருந்தது. அதனைப் புரட்டியபோது, நூற்றைந்து என்பதைத் தமிழ் எண்களில் ௱௫ என்று எழுதியிருக்கக் கண்டேன். நம் முன்னோர் பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனித்தனிக் குறிகள் வைத்திருந்தனர். நூறு என்னும் குறியை எழுதி, அதன் பக்கத்தில் ஐந்தை எழுதினால் நூற்றைந்து ஆகிவிடும். நாவு சொல்லும் வரிசையிலேயே கையும் எழுதும். அந்த ஏட்டைப் பார்த்ததும் என் மாணவனின் நினைவு வந்தது. மறுநாள் அவனை அருகில் அமர்த்தி, "இதை எப்படி எழுதினாய், ராசா?" என்று முதன்முறையாகக் கேட்டேன். "நூறு எழுதினேன் சார், பக்கத்தில் அஞ்சு எழுதினேன்" என்றான். பல தலைமுறையாக நம் கணக்கர்கள் கையாண்ட முறையை அந்த எட்டு வயதுச் சிறுவன் தானே கண்டுபிடித்திருந்தான். அதற்காகத்தான் அவன் என்னிடம் அடி வாங்கினான்.

அவனுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று. இன்று நாம் எழுதும் எண் முறையில் குறியின் வடிவம் மட்டுமன்று, அது நிற்கும் இடமும் மதிப்பைத் தருகிறது. தரையில் சுண்ணக்கட்டியால் மூன்று கட்டங்கள் வரைந்தேன். முதற் கட்டத்தில் நூறு குச்சிகள் கொண்ட பெருங்கட்டு ஒன்று. கடைசிக் கட்டத்தில் உதிரிக் குச்சிகள் ஐந்து. நடுவே பத்துக் குச்சிக் கட்டுகளுக்கு உரிய கட்டம் காலியாக இருந்தது. "அங்கே ஒன்றும் இல்லையே, என்ன எழுதுவாய்?" என்றேன். சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டுச் சுழியம் போட்டான். ஆளில்லாத இடத்துக்குக் காவல் நிற்பதே சுழியத்தின் வேலை என்பது அவனுக்கு விளங்கிவிட்டது.

இவ்வாறு பார்க்கத் தொடங்கினால், குழந்தையின் பிழைகளிற் பல, காரணமின்றி எழுந்தவை அல்ல என்பது புலப்படும். 'தொண்ணூறு' என்று சொன்னால் சில குழந்தைகள் 900 என்று எழுதுவர். அச்சொல்லுக்குள்ளே 'நூறு' ஒலிக்கிறதே! 'தொள்ளாயிரம்' என்பதற்குள் 'ஆயிரம்' ஒலிக்கிறது. காது கேட்டதைக் கை எழுதுகிறது, அவ்வளவே.

எழுத்துப் பாடத்திலும் இத்தகைய பிழை உண்டு. 'கெ' என்னும் எழுத்தை எழுதச் சொன்னால், ககரத்தை முன்னே எழுதி ஒற்றைக்கொம்பைப் பின்னே போடும் குழந்தைகள் உளர். வாயில் முதலிற் பிறப்பது ககர மெய். அதன் பின்னரே எகர ஒலி. ஆயினும் எழுத்தில் கொம்பு முன்னே நிற்கிறது. 'கொ' என்றாலோ கொம்பு ஒரு புறமும் துணைக்கால் மறுபுறமும் நின்று ககரத்தை நடுவில் வைத்துக்கொள்கின்றன. ஒலியின் வரிசையை நம்பி எழுதும் குழந்தை, செவியைக் கூர்மையாகப் பயன்படுத்தும் குழந்தையன்றோ? 'ஒலி பின்னே வந்தாலும் கொம்பு முன்னே நிற்கும்' என்று சொல்லி, மணலில் பத்து முறை எழுதச் செய்தால் தீர்ந்தது.

கணக்கில் இன்னொன்று காண்க. 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னேன். ஒரு சிறுமி 35 என்றாள். அது கைத்தவறாகவும் இருக்கலாம். ஆதலின் மேலும் இரண்டு கணக்குகள் கொடுத்தேன். 63-இலிருந்து 48 போக 25 என்றாள்; 81-இலிருந்து 36 போக 55 என்றாள். மூன்றும் தவறு, ஆனால் மூன்றும் ஒரே வகைத் தவறு. ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்திருக்கிறாள். அவ்விதியை அவளுக்குத் தந்தவர் யார்? 'சிறியதிலிருந்து பெரியதைக் கழிக்க முடியாது' என்று முந்தின ஆண்டில் சொல்லிக்கொடுத்த நாங்களே! ஐந்து கட்டுகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் கொடுத்து, 27 குச்சிகளை எடுத்துத் தரச் சொன்னேன். தானே ஒரு கட்டைப் பிரித்துப் பன்னிரண்டு உதிரிகள் ஆக்கிக்கொண்டாள். ஏழை எடுத்தாள், இருந்த நான்கு கட்டுகளில் இரண்டை எடுத்தாள், மீதி 25. 'கடன் வாங்குதல்' என்று நாம் சொல்வது உண்மையில் கட்டைப் பிரித்தலே என்று அன்று வகுப்பு முழுவதும் கண்டது.

ஆசிரியரும் இதற்கு விலக்கல்லர். 1978-ஆம் ஆண்டில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று, லை, ளை, ணை, னை, ணா, றா, னா முதலான 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. நான் பள்ளியிற் படித்தது பழைய வடிவம். ஒருநாள் யானைத் துதிக்கைபோல் வளைந்த பழைய 'லை'யைக் கைப்பழக்கத்தால் கரும்பலகையில் எழுதிவிட்டேன். "இந்த எழுத்து எங்கள் புத்தகத்தில் இல்லையே சார்" என்றாள் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. நான் செய்ததும் அறியாமையாலன்று. ஒருகாலத்தில் நன்கு கற்ற விதியை, அது செல்லாத இடத்தில் கடைப்பிடித்ததால் வந்தது. யாரும் என் விரலில் அடிக்கவில்லை.

நம் பழைய திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் முதலில் மணலில்தான் எழுதினர். மணலுக்கு ஒரு நற்குணம் உண்டு. உள்ளங்கையால் தடவினால் பிழை மறைந்துவிடும். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பவர், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியிற் புகுத்தினார். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குக் கற்பிக்கவும் செய்தார். அவருடைய முறை 'சென்னை முறை' என்ற பெயருடன் இங்கிலாந்துக்குச் சென்றது. பிழைபட எழுதினும் அஞ்சாமல் மீண்டும் எழுதலாம் என்னும் துணிவை மணல் தந்தது. சிவப்பு மை அத்துணிவைத் தரவில்லை.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில், குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் கற்றல் நிலைக்கேற்பக் குழுவாக அமர்ந்து பயில்கின்றனர். இவை நல்ல ஏற்பாடுகள். எனினும் பிரம்பை விலக்கச் சட்டத்தால் இயலும். பிழையைப் படிக்கும் கண்ணைத் தரச் சட்டத்தால் இயலாது. அதனை ஒவ்வோர் ஆசிரியரும் தாமே பெறவேண்டும். எல்லாப் பிழைக்கும் பின்னே விதி இருக்கும் என்றும் நான் சொல்லவில்லை. சில, கவனக் குறைவு. சில, வெறும் ஊகம். ஒருமுறை மட்டும் வருவது பெரும்பாலும் கைத்தவறு. திரும்பத் திரும்ப ஒரே விதமாக வருவதுதான் நமக்கு ஒரு செய்தியைச் சொல்ல முயல்கிறது.

மாணவ நண்பர்களே, உங்களிற் சிலர் நாளை ஆசிரியராகலாம். அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. இன்று மாலையே உங்கள் தம்பியோ தங்கையோ கணக்கு நோட்டுடன் பக்கத்தில் வந்து உட்காரக்கூடும். விடை தவறாக இருந்தால் உடனே அழிப்பானை எடுக்காதீர்கள். 'இதை எப்படிச் செய்தாய்?' என்று அன்புடன் கேளுங்கள். கேட்டபின் விடை வரும்வரை பொறுத்திருங்கள். அந்தச் சிறுவனிடம் இக்கேள்வியைக் கேட்க எனக்கு மூன்று மாதங்கள் ஆயின. உங்களுக்கு அத்தனை நாள் ஆகவேண்டாம்.