மூளையிலிருந்து புறப்படும் கட்டளை

பசுவும் ஆடும் பன்றியும் உரிய காலத்தில் சினைப்பருவம் எய்துவது சூலகத்தின் தனிச்செயலன்று. மூளையின் அடித்தளத்திலுள்ள ஹைபோதலாமஸ் என்னும் சிறு பகுதி விட்டுவிட்டு அனுப்பும் ஒரு ரசாயனக் கட்டளை பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, அச்சுரப்பியின் ஹார்மோன்களே சூலகத்தை இயக்குகின்றன. இந்தச் சூக்ஷ்ம வஸ்துவைக் கண்டறியும் பொருட்டு, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஆண்ட்ரூ ஷாலி என்னும் விஞ்ஞானி, லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளின் ஹைபோதலாமஸ் பகுதிகளைச் சேகரித்து, பல்லாண்டுகள் பகுத்துச் சுத்திகரித்து, 10 அமினோ அமிலங்களாலான அதன் அமைப்பை 1971-ஆம் ஆண்டில் தம் சகாக்களுடன் வெளியிட்டார். 1977-இல் நோபல் பரிசிலும் பங்கு பெற்றார். இன்று பசுக்களின் கருமுட்டை உரிய வேளையில் வெளிப்படக் கால்நடை மருத்துவர்கள் போடும் ஊசிமருந்து, அந்தப் பொறுமைமிக்க உழைப்பின் பயனேயாகும்.