கடலுக்குள் கொட்டிய கோடிகள்... வயலுக்கு என்ன வரும்?

கன்னியாகுமரி மாவட்டச் சாலைகளில், பாறை ஏற்றிய டாரஸ் லாரிகள் கேரள எல்லையை நோக்கி வரிசை கட்டிப் போவதை மக்கள் பல வருடங்களாகப் பார்த்து வருகிறார்கள். அந்தப் பாறைகளில் ஒரு பகுதி போய்ச் சேர்ந்த இடம், திருவனந்தபுரம் அருகே உள்ள விழிஞ்ஞம். 2025 மே 2-ம் தேதி பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்த துறைமுகம் அங்கேதான் இருக்கிறது.

நடத்துவது அதானி நிறுவனம் என்பதால், ‘தனியார் துறைமுகம்தானே’ என்று பலரும் நினைக்கிறார்கள். கணக்கு வேறு மாதிரி. மொத்தச் செலவு சுமார் 8,867 கோடி ரூபாய். இதில் கேரள அரசின் பங்கு 5,595 கோடி, மத்திய அரசின் பங்கு 818 கோடி, நிறுவனம் போட்டது 2,454 கோடி. ஆக, 100 ரூபாயில் 72 ரூபாய் மக்கள் பணம்!

துறைமுகத்தில் கிரேனும் கப்பல் நிற்கும் மேடையும் வாடகை தரும். அலை உள்ளே புகாமல் தடுக்கும் சுவர் ஒரு பைசா தராது. ஆனால், அது இல்லாமல் கப்பல் நிற்க முடியாது. விழிஞ்ஞத்தில் கடல் சுமார் 20 மீட்டர் ஆழம். அந்த ஆழத்திலிருந்து கல்லைக் கொட்டி மேலே கொண்டு வந்து, ஏறத்தாழ 3 கி.மீ நீளத்துக்குச் சுவர் எழுப்பினார்கள். அந்தச் செலவு அரசின் தலையில். அணையும் வாய்க்காலும் அரசு கட்ட, மதகுச் சாவி வேறொருவர் கையில் இருப்பது போலத்தான் இதுவும். கல் கொடுத்த பக்கத்தில் என்ன நடந்தது என்பது எந்தக் கணக்கிலும் இல்லை. ஓடை அடைபடுகிறது, பயிர் இலையில் பாறைத்தூள் படிகிறது என்பது குவாரி ஓரத்து விவசாயிகளின் புகார்.

மத்திய அரசின் 818 கோடி இன்னொரு விவகாரம். லாபம் கட்டாத திட்டத்தில் விழும் துண்டை அடைக்கத் தரும் நிதி இது. வழக்கமாக மானியம், ஆனால், இங்கே துறைமுகத்தில் மாநிலத்துக்குக் கிடைக்கும் வருவாயில் 20 சதவிகிதத்தைத் திருப்பிக் கேட்டது மத்திய அரசு. கேரளம் கடுமையாக எதிர்த்து, கடைசியில் கையெழுத்துப் போட்டது.

விவசாயிக்கு என்ன லாபம்? விழிஞ்ஞம் முதன்மையாக, பெரிய கப்பலிலிருந்து சிறிய கப்பலுக்குக் கன்டெய்னரை மாற்றும் இடம். இதுவரை கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் போன வேலை இது. அந்த வருமானம் நாட்டுக்குள் நிற்பது நல்லதுதான். ஆனால், குமரி மாவட்டத்து வாழைக்காய் நேராக அங்கே கப்பல் ஏற வேண்டுமானால், நெடுஞ்சாலை இணைப்பும், பாலராமபுரம் வரை 10.7 கி.மீ ரயில் பாதையும் வேண்டும். அந்தப் பாதையில் பெரும்பகுதி சுரங்கம். அதற்கும் பொதுப்பணம்தான்.

தூத்துக்குடியிலும் இதே வேலை தொடங்குகிறது. வ.உ.சி துறைமுகத்தின் வெளித் துறைமுகத் திட்டத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. மதிப்பு சுமார் 7,056 கோடி. வெங்காயம், முருங்கை, மிளகாய் விளைகிற மாவட்டங்களுக்கு விழிஞ்ஞத்தைவிட இதுதான் பக்கம். காய்கறி கெடாமல் போக, குளிரூட்டிய கன்டெய்னருக்குத் துறைமுகத்திலேயே மின் இணைப்பு வேண்டும். சிறு உழவர் குழுக்கள் அரை லோடு சரக்கைச் சேர்த்து ஏற்ற கிடங்கு வேண்டும். திட்டம் இன்னும் தொடக்க நிலையில் இருப்பதால், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் இந்த இரண்டையும் துறைமுக நிர்வாகத்திடமும் மாவட்டக் குறைதீர் கூட்டத்திலும் இப்போதே எழுத்து மூலம் கேட்கலாம்.