சுழியோடப் பழகுபவர் கையிலுள்ள மானிகள்

வயலையும் தோட்டத்தையும் விட்டு வந்து கரையோரத்தில் குடியிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் கடல் வேலைக்குப் போவது புதிய விடயமல்ல. வலை இழுக்கப் போனவர்களையும் கருவாட்டு வாடிகளில் கூலிக்கு நின்றவர்களையும் நாம் அறிவோம். சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு சங்கும் கடலட்டையும் எடுக்கப் போகிறவர்களைப் பற்றி இம்முறை எழுதுகிறோம்.

நாம் சந்தித்த ஓர் இளைஞர் நெல் விதைத்த குடும்பத்தில் பிறந்தவர். நீந்தத் தெரியும், துணிவும் உண்டு. மற்றவர்கள் செய்வதைப் பார்த்துச் சில நாட்களிலேயே சுழியோடத் தொடங்கிவிட்டார். ஒருநாள் மூன்றாவது சிலிண்டரையும் முடித்துக்கொண்டு மேலே வந்தபோது இரண்டு கால்களும் மரத்துப் போயின. இன்று ஊன்றுகோலுடன் நடக்கிறார். அவர் தொழில் செய்த நாட்களில் ஆழம் காட்டும் கருவியோ மணிக்கூடோ அவரிடம் இருக்கவில்லை. சிலிண்டரில் மீதியுள்ள காற்றைக் காட்டும் மானிகூட இருக்கவில்லை. மூச்சு இழுக்கக் கடினமாக வரும்போது காற்று முடிகிறது என்று அறிந்து மேலே வருவாராம். தோட்டத்தில் இறைப்பு மெசினின் தாங்கிக்குள் தடி விட்டு எண்ணெய் பார்க்காமல் மகன் ஒருநாளும் மெசினை இயக்கியதில்லை என்று அவருடைய தாயார் எங்களிடம் சொன்னார். கடலுக்கு மட்டும் எதையும் பார்க்காமல் இறங்கினாராம்.

அந்தத் தாயார் சொன்னதே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. எண்ணெய் முடிந்தால் மெசின் நிற்கும், அவ்வளவுதான். கடலுக்கு அடியில் காற்று முடிந்தால் நிலைமை வேறு.

உடல் சொல்லாத செய்திகள்

முதலில் ஒரு தவறான எண்ணத்தை அகற்றுவோம். சிலிண்டரில் இருப்பது ஒட்சிசன் என்று பலரும் சொல்கிறார்கள். அதில் இருப்பது நாம் வெளியில் சுவாசிக்கும் அதே காற்றுத்தான். அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஒட்சிசன், மீதி பெரும்பாலும் நைதரசன். இயந்திரத்தால் அமுக்கி நிரப்பியிருக்கிறார்கள்.

நிலத்தில் நிற்கும்போது எம்மேல் இருக்கும் அமுக்கம் ஏறக்குறைய 1 பார். கடலில் 10 மீற்றர் இறங்கினால், அதாவது ஐந்தரைப் பாகம் அளவில், அது 2 பார் ஆகிறது. 20 மீற்றரில் 3 பார், 30 மீற்றரில் 4 பார். ஆழம் கூடக்கூட ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் காற்றின் அளவும் அதே கணக்கில் கூடுகிறது. ஆனால் மூச்சு விடுபவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. 20 மீற்றரில் மூன்று மடங்கு காற்றைச் செலவழித்துக்கொண்டு, மேலே இருந்தது போலவே சுகமாக இருப்பார்.

மற்றச் செய்தி நைதரசனைப் பற்றியது. அமுக்கத்தில் நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்து சேருகிறது. ஆழமும் நேரமும் கூடினால் சேரும் அளவும் கூடும். மெதுவாக மேலே வந்தால் அது மூச்சோடு வெளியேறும். விரைவாக வந்தால், சோடாப் போத்தலின் மூடியைச் சட்டெனத் திறந்தது போல, உடலுக்குள்ளேயே குமிழிகளாகும். மூட்டுகளில் வலி, தோலில் புள்ளிகள், தலைசுற்று, கால் கை மரத்தல், சிறுநீர் கழிக்க முடியாமை எல்லாம் இதனால் வருபவை. முள்ளந்தண்டு நரம்பு பாதிக்கப்பட்டால் அந்த இளைஞருக்கு நேர்ந்தது நேரும்.

இந்த நோய் கடலில் மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவில் புரூக்ளின் பாலம் கட்டியபோது, ஆற்றின் அடியில் அமுக்கக் காற்று நிரப்பிய பெட்டிகளுக்குள் அத்திவாரம் தோண்டிய தொழிலாளர்களை இது தாக்கியது. தலைமைப் பொறியியலாளர் வோஷிங்டன் ரோப்ளிங்கும் 1872 இல் இந்நோயால் முடங்கினார். அவருடைய மனைவி எமிலி வேலைத்தலத்துக்கும் கணவருக்கும் இடையே நின்று வேலையைக் கொண்டு நடத்த, 1883 இல் பாலம் திறக்கப்பட்டது. பின்னர் ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் என்ற பிரித்தானிய விஞ்ஞானி ஆடுகளை அமுக்கக் கூடத்தில் வைத்து ஆராய்ந்து, எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால் எப்படி மேலே வரவேண்டும் என்ற அட்டவணையை 1908 இல் வெளியிட்டார். இன்று சுழியோடிகள் பாவிக்கும் அட்டவணைகளும் கணனிகளும் அந்த வழியில் வந்தவைதான்.

காற்று, ஆழம், நேரம் ஆகிய மூன்றையும் உடல் சொல்லாது. மானியின் முள்தான் சொல்லும்.

அமுக்கமானி

பழகுபவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது இதுதான். சிலிண்டரின் தலையில் பூட்டும் பகுதியிலிருந்து ஒரு குழாயில் தொங்கும் வட்ட முகம். உள்ளே வளைந்த உலோகக் குழாய் ஒன்று இருக்கிறது. காற்று அமுக்க அது சற்று நிமிர, முள் நகர்கிறது. ரயருக்குக் காற்றடிக்கும் கடைகளில் உள்ள மானிகள் பலவும் இதே வகைதான். சிலவற்றில் பார் என்றும் சிலவற்றில் சதுர அங்குலத்துக்கு இறாத்தல் என்றும் குறித்திருக்கும். 1 பார் 14.5 இறாத்தலுக்குச் சமன். நிரம்பிய சிலிண்டர் 200 பார், அல்லது 3000 இறாத்தல் அளவில் காட்டும். தன் மானி எந்தக் கணக்கில் காட்டுகிறது என்பதைக் கரையிலேயே அறிந்துகொள்ள வேண்டும்.

சிலிண்டரைத் திறக்கும்போது மானியின் கண்ணாடியைத் தன் முகத்துக்கோ பக்கத்தில் நிற்பவருக்கோ நேராகப் பிடிக்கக் கூடாது. பழுதான மானி வெடித்துக் கண்ணாடி சிதறலாம். திறந்தபின், வாய்க்குழாயில் நாலைந்து முறை மூச்சு இழுத்துக்கொண்டே முள்ளைப் பார்க்க வேண்டும். முள் அசையாமல் நின்றால் நல்லது. ஒவ்வொரு மூச்சுக்கும் முள் விழுந்து விழுந்து எழும்பினால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை என்று அர்த்தம். கரையில் காற்று வருவது போலத்தான் இருக்கும். ஆழத்தில் போதாமல் போகும். இதைப் பார்க்க அரை நிமிடமும் செல்லாது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 11 லீற்றர் கொள்ளும் சிலிண்டரில் 200 பார் இருந்தால் 2200 லீற்றர் காற்று. 50 பாரை மேலே வரும் வழிக்கென்று ஒதுக்கினால் பாவிக்கக் கூடியது 1650 லீற்றர். நிலத்தில் நிமிடத்துக்கு 20 லீற்றர் செலவழிப்பவருக்கு 10 மீற்றர் ஆழத்தில் இது 41 நிமிடம் வரும். 20 மீற்றரில் 27 நிமிடம். 30 மீற்றரில் 20 நிமிடம்தான் வரும். பாரம் இழுத்தால், பயந்தால், நீரோட்டத்துக்கு எதிராக நீந்தினால் இதிலும் குறையும். புதியவர்கள் எப்போதும் பயத்தில் கூடுதலாகவே மூச்சு விடுவார்கள். ஆகவே பழையவர் ஒருவருடைய சிலிண்டர் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பார்த்துத் தன்னுடையதைக் கணக்கிடுவது பெரும் பிழை.

மானி இல்லாத காலமும் இருந்தது. 1943 இல் பிரான்சில் கூஸ்தோவும் ககனானும் இக்கருவியை உருவாக்கிய பின்னர், நெடுங்காலம் பலர் சிலிண்டரில் பொருத்திய ஒரு நெம்புகோலை நம்பியே இறங்கினார்கள். மூச்சு இறுகியதும் அதை இழுத்தால் ஒதுக்கி வைத்த கொஞ்சக் காற்றுக் கிடைக்கும். அந்தக் கோல் எங்காவது தட்டுப்பட்டு முன்னமே இழுபட்டிருந்தால், ஒதுக்கமும் அவர் அறியாமலே செலவழிந்திருக்கும். மானி பரவியபின் அந்த நெம்புகோல் வழக்கொழிந்தது. எங்கள் கரைகளில் சிலர் இன்று மானியும் இல்லாமல், அந்தக் கோலும் இல்லாமல் இறங்குகிறார்கள். எழுபது வருடத்துக்கு முந்தியவரிலும் பின்னுக்கு நிற்கிறார்கள் என்றே சொல்லவேண்டும்.

ஆழமானியும் மணிக்கூடும்

இவ்விரண்டும் சோடி. ஒன்றில்லாமல் மற்றது பயன்படாது. ஆழமானி தண்ணீருக்கு வெளியே பூச்சியத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அதை நம்பக் கூடாது. பலவற்றில் இரண்டாவது முள் ஒன்று உண்டு. போன ஆகக் கூடிய ஆழத்தில் அது நின்றுவிடும். இறங்குமுன் அதைத் திருப்பிப் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும். கணக்குப் பார்ப்பது அந்த ஆகக் கூடிய ஆழத்தைக் கொண்டுதான். பெரும்பகுதி நேரம் 12 மீற்றரில் நின்றாலும், ஓர் அட்டைக்காக 18 மீற்றருக்கு இறங்கியிருந்தால் அட்டவணையில் 18 தான்.

சுழியோடிகளின் மணிக்கூட்டைச் சுற்றி ஒரு வளையம் உண்டு. இறங்கும்போது அதன் குறியை நிமிட முள்ளுக்கு நேரே வைத்தால் எத்தனை நிமிடம் போயிற்று என்று தெரியும். அந்த வளையம் இடப்பக்கம் மட்டுமே திரும்பும். கையில் இடித்துத் தற்செயலாகத் திரும்பினாலும் போன நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. பிழை விட்டாலும் உயிரைக் காக்கும் பக்கமாக விடட்டும் என்று யாரோ யோசித்துச் செய்திருக்கிறார்கள். எமக்கு மிகவும் பிடித்த வேலைப்பாடு இது.

பொழுதுபோக்குச் சுழியோடிகளுக்காக 1988 இல் வெளிவந்த அட்டவணை, அன்றைய முதல் இறக்கத்தில் 18 மீற்றரில் 56 நிமிடமும் 30 மீற்றரில் 20 நிமிடமுமே எல்லை என்கிறது. இரண்டாவது சிலிண்டருக்கு இந்த நேரம் குறையும், மூன்றாவதற்கு இன்னும் குறையும். முதல் இறக்கத்தில் சேர்ந்த நைதரசன் முழுதும் போக மணித்தியாலங்கள் செல்லும். பழகுபவருக்குப் பயிற்சி நிறுவனங்கள் வைத்திருக்கும் எல்லை 18 மீற்றர்.

மேலே வரும் வேகம் நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேற்படக் கூடாது. 5 மீற்றரில் 3 நிமிடம் நின்று வரவேண்டும். வரும்போது ஒருபோதும் மூச்சை அடக்கக் கூடாது. அடக்கினால் நுரையீரல் கிழியும்.

கணனி

1983 இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர்க்கா எட்ஜ் என்ற கருவிக்குப் பின்னர் சுழியோடிக் கணனிகள் பெருகின. ஆழத்தையும் நேரத்தையும் கணத்துக்குக் கணம் தானே கணக்கிட்டு, அந்த ஆழத்தில் இன்னும் எத்தனை நிமிடம் நிற்கலாம் என்று காட்டும். விரைவாக எழும்பினால் சத்தமிடும். வசதி உள்ளவர்கள் வாங்குவது நல்லதே. ஆனால் ஒன்றை இருவர் பாவிக்கக் கூடாது. அண்ணன் காலையில் கட்டியதைத் தம்பி மாலையில் கட்டினால், அது அண்ணனின் உடலைத்தான் கணக்கிட்டுக்கொண்டிருக்கும். கட்டியவர் பட்டினியோ, களைப்போ, தண்ணீர் குடிக்காதவரோ என்பது அதற்குத் தெரியாது. பற்றரியும் நடுக்கடலில் இறக்கலாம். ஆகவே மானியையும் மணிக்கூட்டையும் வாசிக்கப் பழகியபின் கணனிக்குப் போவதே சரி.

திசைகாட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மட்டமாகப் பிடிக்க வேண்டும். இரும்புச் சிலிண்டருக்கும் கத்திக்கும் அருகில் பிடித்தால் முள் பொய் சொல்லும்.

பழகும் முறை

நல்ல பயிற்றுநர் இடுப்பளவு தண்ணீரில்தான் தொடங்குவார். அங்கே கற்றுக்கொள்வது கருவியை அல்ல, பார்க்கும் பழக்கத்தை. அடிக்கடி தன் இரு விரலை மறு உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார். உன்னிடம் எவ்வளவு காற்று என்பது கேள்வி. பழகுபவர் முதலில் மனதில் ஒரு மதிப்பை எண்ணிக்கொண்டு, பிறகு மானியைப் பார்த்து விரலால் சொல்ல வேண்டும். முதல் நாட்களில் மனதில் எண்ணியதற்கும் முள்ளுக்கும் பெரிய இடைவெளி இருக்கும். போகப்போக நெருங்கும். நெருங்கிய பின்னும் பார்ப்பதை விடக் கூடாது. அட்டை கண்ணில் பட்டதும் மானியை மறப்பது இயல்பு. ஒவ்வொன்றைப் பையில் போடும்போதும் ஒருமுறை பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் பழக்கம் பிடிக்கும்.

முதலாளி கொடுக்கும் செட்டில் இம்மானிகள் இல்லையென்றால், கேட்டு வாங்கவேண்டும். கேட்பதில் வெட்கம் இல்லை. பிள்ளையைத் தொழிலுக்கு அனுப்பும் பெற்றோரும் இதை விசாரிக்கலாம். பெற்ற முற்பணத்துக்காக மானியில்லாமல் இறங்கச் சம்மதிப்பதை நாம் ஏற்கவில்லை.

மேலே வந்தபின் வலியோ மரத்துப்போதலோ கண்டால், மீண்டும் தண்ணீருக்குள் இறங்கினால் சுகமாகும் என்று படகில் சொல்வார்கள். அந்த இளைஞருக்கும் சொன்னார்கள், அவரும் இறங்கினார். இறங்கக் கூடாது. படுக்க வைத்து, ஒட்சிசன் இருந்தால் கொடுத்து, தெளிவாக இருந்தால் தண்ணீர் குடிக்கக் கொடுத்து, தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். சுழியோடியவர் என்பதையும், எத்தனை மீற்றரில் எத்தனை நிமிடம், எத்தனை சிலிண்டர் என்பதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். இந்நோய்க்கு அமுக்கக் கூடத்தில் வைத்துச் செய்யும் சிகிச்சையே உண்டு. அத்தகைய கூடம் எங்கே இயங்குகிறது என்பதை ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே விசாரித்து, ஆழமும் நேரமும் குறிக்கும் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதிப் படகில் வைத்திருங்கள்.