கம்பி வழி வந்தும் வேகம் குறைவது ஏன்?

பணி மாற்றலில் நாங்கள் நாக்பூரில் குடியேறியது தடித்த சுவர்களைக் கொண்ட பழைய மாடி வீடு. ரூட்டர் கீழ்க்கூடத்தில் இருந்தது. மகள் படிக்கும் அறையோ மாடியில். வைஃபை அங்கு எட்டவில்லை. சுவரைத் துளைத்துக் கம்பி இழுக்க வீட்டு உரிமையாளர் இசையவில்லை. ஆகவே, வீட்டு மின்கம்பிகள் வழியாகவே இணையத் தரவையும் அனுப்பும் பவர்லைன் அடாப்டர் ஒரு ஜோடி வாங்கினோம். ஒன்றை ரூட்டரின் அருகிலும் மற்றொன்றை மாடியிலும் பொருத்தி, ஈதர்நெட் கம்பியால் கணினியை இணைத்தோம்.

நாங்கள் கட்டணம் செலுத்தியது விநாடிக்கு 200 மெகாபிட் திட்டத்திற்கு. மாடியில் கிடைத்ததோ வெறும் 9. மகளின் இணையவழித் தேர்வுக்கு மூன்று நாள்களே இருந்தன. கூடுதல் கட்டணத் திட்டத்திற்கு மாறிவிடலாம் என்பதே வீட்டில் எழுந்த முதல் யோசனை.

வங்கியில் கணக்கு ஒத்துவராதபோது எல்லாப் பதிவுகளையும் ஒருசேரத் திருத்துவதில்லை. தொடக்க இருப்பிலிருந்து ஒவ்வொன்றாகச் சரிபார்ப்போம். அம்முறையையே இங்கும் கையாண்டோம்.

முதலில், மடிக்கணினியை நேரே ரூட்டரில் இணைத்துச் சோதித்தோம். வேகம் 190ஐத் தாண்டியது. ஆகவே, இணைய நிறுவனத்தின் மீது குறையில்லை. அதே மடிக்கணினி, அதே கம்பி, மாடியில் மீண்டும் 9. குறை அடாப்டர்களிலோ மின்பாதையிலோ இருக்க வேண்டும்.

அடுத்து, இரு அடாப்டர்களையும் கூடத்திலேயே அருகருகே பொருத்தினோம். வேகம் 90. பெட்டியின் மேல் 600 என்று அச்சிட்டிருந்ததே எனலாம். அது ஏட்டளவிலான உச்சவரம்பு. அந்த அடாப்டரின் ஈதர்நெட் துளை 100 மெகாபிட் வகை. அதற்கு மேல் அதனால் தர இயலாது. வாங்கும்போதே பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான். எவ்வாறாயினும், அடாப்டர்கள் பழுதில்லை என்பது உறுதியாயிற்று.

எஞ்சியது மாடியின் மின்பாதை. அங்கே அடாப்டரை ஸ்பைக் பஸ்டரில் செருகியிருந்தோம். வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் வருகிறது. பவர்லைன் தரவோ மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் செல்கிறது. ஸ்பைக் பஸ்டரின் வடிகட்டி அத்தரவை மின்னிரைச்சலாகக் கருதித் தடுத்துவிடக்கூடும். அடாப்டரைச் சுவர் பிளக்கிலேயே நேரடியாகச் செருகியதும் வேகம் 38 ஆயிற்று. பக்கத்துப் பிளக்கிலிருந்த கைப்பேசிச் சார்ஜரை வேறிடத்திற்கு மாற்றியதும் 55ஐ எட்டியது. சார்ஜர்களும் சில எல்இடி விளக்குகளும் மின்கம்பியில் இரைச்சலை எழுப்புபவை.

இவற்றுக்குப் பின்னும் வேகம் கூடவில்லையெனில், இரண்டு அறைகளும் வெவ்வேறு ஃபேஸில் உள்ளனவா, ஒன்று மட்டும் இன்வெர்ட்டர் வழியாக வருகிறதா என்று மின்பணியாளரைக் கொண்டு பார்க்கலாம். மின்பெட்டியை நாமே திறப்பது கூடாது.

வங்கிப் பணியாளர் என்ற முறையில் இன்னொன்றும் கூற விரும்புகிறோம். பவர்லைன் சமிக்ஞை சில இடங்களில் அண்டை வீட்டையும் எட்டக்கூடும். ஆகவே, அடாப்டரிலுள்ள பேரிங் பொத்தானை அழுத்திப் புதிய மறையாக்கத் திறவுகோலை அமைத்த பின்னரே இணையவழி வங்கிச் சேவையைப் பயன்படுத்துங்கள்.

மகளின் தேர்வு தடையின்றி முடிந்தது. மாதச் செலவில் ஒரு ரூபாயும் கூடவில்லை. கூடுதல் கட்டணத் திட்டத்திற்கு மாறும் முன், ஒரு மாலைப் பொழுதை இச்சோதனைக்கு ஒதுக்குங்கள்.