வெப்ப நாட்டில் வாழ்ந்த பனிக்கரடி



பள்ளி விடுமுறையில் பெற்றோருடன் விலங்குத் தோட்டங்களுக்கும் கேளிக்கைப் பூங்காக்களுக்கும் சென்று மகிழ்கின்றீர்கள். அங்குள்ள விலங்குகள் எவ்வாறு பேணப்படுகின்றன என்று எண்ணிப் பார்த்ததுண்டா? இதனை விளக்க, இனுக்கா என்னும் பனிக்கரடியின் வரலாற்றைக் கூறுவேன்.

சிங்கப்பூர் விலங்குத் தோட்டம் 1973ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் திறக்கப்பெற்றது. அங்கே 1990ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் இனுக்கா பிறந்தது. வெப்ப மண்டலத்தில் பிறந்த முதல் பனிக்கரடி அதுவே. அதன் தாயின் பெயர் சீபா.

சில ஆண்டுகளுக்கு முன் எம் தோட்டப் பள்ளி மாணவர்களை அங்கு அழைத்துச் சென்றிருந்தேன். எல்லாரும் கைதட்டி ஆரவாரித்தனர். ஒரு மாணவி மட்டும் என் அருகில் வந்து, "ஐயா, நமக்கே இவ்வளவு புழுங்குகிறதே, இதற்கு எப்படி இருக்கும்?" என்று வினவினாள். அது நல்ல வினா.

பனிக்கரடியின் உடல் வடதுருவக் குளிருக்கென அமைந்தது. தோலின் கீழே தடித்த கொழுப்புப் படலம் உண்டு. மேலே அடர்ந்த உரோமம் உண்டு. அவ்வுரோமம் வெண்மையாகத் தோன்றினும், உண்மையில் நிறமற்றது. உள்ளே குழல்போல் துளையுடையது. தோலோ கருநிறம். கொழுப்பும் உரோமமும் உடற்சூட்டை வெளிவிடாமல் காப்பன. குளிரில் காக்கும் போர்வையே வெயிலில் சுமையாகிவிடும் அன்றோ?

2004ஆம் ஆண்டு ஒரு விந்தை நிகழ்ந்தது. சீபா, இனுக்கா ஆகிய இரண்டின் உரோமமும் பச்சை நிறமாயிற்று! ஈரமும் வெப்பமும் மிகுந்த இக்காலநிலையில் உரோமத் துளைகளுக்குள் பாசி வளர்ந்ததே காரணம். பராமரிப்பாளர்கள் மருந்து கொண்டு கழுவி அதனைப் போக்கினர்.

2006ஆம் ஆண்டு, இனித் துருவ விலங்குகளைக் கொண்டு வருவதில்லை என விலங்குத் தோட்டத்தார் முடிவு செய்தனர். எனினும், இருந்தவற்றைக் கைவிட்டாரல்லர். சீபா 2012இல் இறந்தது. மறு ஆண்டு இனுக்காவுக்குக் குளிரூட்டப்பட்ட ஓய்வறையும் நீந்தும் குளமும் கொண்ட பெரிய இருப்பிடம் அமைத்துத் தந்தனர். பனிக்கட்டிக்குள் உணவை உறைய வைத்துக் கொடுத்தனர். அதனை உடைத்துத் தின்பது அதற்கு விளையாட்டும் பயிற்சியுமாயிற்று.

முதுமையில் மூட்டு வலி வாட்டியது. மருந்துகள் பயனளிக்காத நிலையில், துன்பத்தை நீட்டிக்க மனமின்றி, 2018ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் மயக்க நிலையிலேயே மருத்துவர்கள் அதற்கு விடை கொடுத்தனர். அப்போது அதற்கு வயது 27. அதன்பின் வேறு பனிக்கரடி அங்குக் கொண்டு வரப்படவில்லை.

மாணவர்களே! அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும். நம் தோட்டத்தில் மைனாக் குஞ்சையும் அணிலையும் பிடித்து வந்து வளர்க்க விரும்புவோர் உண்டு. பிடிக்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இதற்கு ஏற்ற உணவு யாது? ஏற்ற இடம் எது? இதன் ஆயுள் முழுவதும் என்னால் பேண இயலுமா? விடை தெரியாவிடின், அதனை அதன் கூட்டிலேயே விட்டுவிடுங்கள். அதுவும் அன்பே.