கோட்டை நகரும் கோடை நீராட்டும்

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு கடற்கரைக்குச் சென்று நீராடி மகிழ்வது எளிய இன்பமாகவே தோன்றுகிறது. ஆனால், அந்த இன்பம் சாமானிய மனிதனின் கைக்கு எட்டுவதற்குள் எத்தனை மாற்றங்கள் நிகழ வேண்டியிருந்தன! ஸ்பெயின் நாட்டின் வடகரையில் பிஸ்கே விரிகுடாவை ஒட்டி அமைந்த சான் செபாஸ்தியான் நகரின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

பாஸ்க் மக்கள் தங்கள் மொழியில் இந்நகரைத் தொனோஸ்தியா என்பர். கிழக்கே உர்குல் குன்று. மேற்கே இகெல்தோ குன்று. இடையே சாந்தா கிளாரா என்னும் சிறு தீவு. இவற்றின் அரவணைப்பில் பிறைபோல் வளைந்து கிடக்கிறது லா கொன்ச்சா கடற்கரை. 'சிப்பி' என்பது அப்பெயரின் பொருள். தீவும் குன்றுகளும் பேரலைகளின் வேகத்தைத் தணிப்பதால் சிறுவர் விளையாட ஏற்ற இடம் இது.

எரிந்த ஊர்

முன்னாளில் இது மதில் சூழ்ந்த கோட்டை நகரம். நெப்போலியனின் படை இதனைப் பிடித்து வைத்திருந்தது. 1813 ஆகஸ்ட் 31 அன்று ஆங்கிலேய, போர்ச்சுகீசியப் படைகள் மதிலை உடைத்து உள்ளே புகுந்தன. மீட்க வந்தவர்களே ஊரைக் கொள்ளையிட்டனர், ஊர் தீக்கிரையாயிற்று. ஒரு தெருவின் வீடுகளே பெரும்பாலும் தப்பின. ஆயினும், எஞ்சிய மக்கள் அடுத்த மாதமே சுபியேத்தா என்னும் சிற்றூரில் கூடி, ஊரை மீண்டும் எழுப்புவதென முடிவு செய்தனர்.

1863இல் மதிலை இடிக்கத் தொடங்கினர். 1864இல் மாட்ரிட்டிலிருந்து ரயில் பாதை முழுமையடைந்தது. போருக்கு அஞ்சி மதிலுக்குள் ஒடுங்கியிருந்த ஊர், கடலை நோக்கி விரிந்தது.

அரசியின் கடல்

அக்காலத்தில் கடல் நீராட்டு விளையாட்டன்று, மருத்துவம். தோல் நோய்க்காக மருத்துவர்கள் கூறியபடி, அரசி இரண்டாம் இசபெல் 1845இல் இங்கு வந்து நீராடினார். 1887 முதல் அரசி மரியா கிறிஸ்தினா கோடைதோறும் பரிவாரங்களுடன் இங்கே தங்கலானார். கடலைப் பார்த்தபடி 1893இல் மிராமார் அரண்மனை எழுந்தது. அரச குடும்பத்தார் நீராடச் செல்லும் அறையோ தண்டவாளத்தின் மேல் நீர்வரை நகர்ந்து சென்றது!

செல்வர்கள் அரசியைப் பின்தொடர்ந்து வந்தனர். ஆனால் தொழிலாளி? ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒருநாள் கூலியை இழப்பவனுக்குக் கோடை ஏது, கடல் ஏது?

உழைப்பவனின் ஓய்வு

அரச குடும்பம் ஓய்வெடுத்த இதே நகரில், 1930 ஆகஸ்ட் 17 அன்று குடியரசு ஆதரவுத் தலைவர்கள் கூடி முடியாட்சியை அகற்ற உடன்பாடு கண்டனர். 1931 ஏப்ரலில் குடியரசு மலர்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் வந்த சட்டம், தொழிலாளர்க்கு ஆண்டுக்குக் குறைந்தது 7 நாள் ஊதியத்துடன் கூடிய விடுப்பை வழங்கியது. பின்னர் உள்நாட்டுப் போரும் சர்வாதிகாரமும் வந்தன. பிராங்கோவும் இந்நகரிலேயே கோடையைக் கழித்தார். அவர் மறைந்தபின் இயற்றப்பட்ட 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, கடற்கரைகள் பொதுவுடைமை என அறிவித்தது. 1983இல் ஆண்டு விடுப்பு 30 நாளாக உயர்ந்தது.

இன்று அரண்மனையின் கீழேயுள்ள மணலில் எவர் பிள்ளையும் வீடு கட்டி விளையாடலாம். ஓதம் ஏறினால் மணற்பரப்பு சுருங்கும், இறங்கினால் அகலும். எனவே நேரமறிந்து செல்வது நல்லது. கோடையில் படகேறிச் சாந்தா கிளாரா தீவை அடைந்தால், நீர் வற்றும்போது அங்கும் ஒரு குட்டிக் கடற்கரை தலைகாட்டும். இகெல்தோ உச்சிக்கு ஏற, 1912இல் அமைத்த இழுவை ரயில் உண்டு. ஆகஸ்ட் நடுவில் 'பெருவாரம்' என்னும் திருவிழா, இரவுதோறும் வாணவேடிக்கை.

அதே மாதத்தின் இறுதி நாளில், தீக்குத் தப்பிய அந்தத் தெருவில் மெழுகுவர்த்திகள் ஒளிரும். 'ஆகஸ்ட் 31' என்பதே இன்று அத்தெருவின் பெயர். விழாவைக் கொண்டாடும் ஊர் தன் வடுவையும் மறக்கவில்லை. ஓய்வும் கடற்கரையும் ஒருசிலரின் சொத்தாக இருந்து பலரின் உரிமையாக மாறியவை; அவ்வுரிமையைப் பேணிக் காப்பதும் பலரின் கடமையே.